எலக்ட்ரிக் செல்லோ ரெக்கார்டிங்: நேரடி வயரா, பிரீஆம்பா, மைக்கா?

போன வருஷம் ஒரு குறும்படத்துக்கு நாலு நிமிஷம் செல்லோ வாசித்து அனுப்பினேன். மிக்ஸ் பண்ணும் தம்பி ராத்திரியே போன் போட்டான். "அண்ணே, டெமோ கேட்டுட்டேன், கீபோர்டு சவுண்டு பரவால்ல. ஒரிஜினல் டேக் எப்ப வரும்?" நான் அனுப்பியிருந்ததே ஒரிஜினல் டேக்தான். மூன்று நாள் வில் இழுத்து வாசித்தது.

அதற்குப் பிறகு மைக், ஆம்புக்கு முன்னால் மைக், நேரடி வயர், பிரீஆம்ப் என்று நாலு வழியையும் முயன்று பார்த்து, ஒன்றில் வந்து நின்றேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: 10 மெகாஓம் பிரீஆம்ப் (செல்லோவின் மெல்லிய சிக்னலை வாங்கிப் பலப்படுத்தும் பெட்டி), அதன் பின்னால் கம்ப்யூட்டரில் ஒரு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், அதாவது நிஜ செல்லோவின் உடம்பு ஒலிக்கும் விதத்தைப் பிடித்து வைத்த ஃபைல், சுருக்கமாக ஐ.ஆர்.

மைக் வழியை முதலில் முடித்துவிடலாம். அக்கூஸ்டிக் செல்லோவை வாடகைக்கு எடுத்து, கம்பிகளைத் தாங்கும் குதிரையைப் பார்த்த மாதிரி அரை மீட்டர் தள்ளி ஒரு கண்டன்ஸர் மைக். நாதம் என்றால் அதுதான் நாதம், போட்டியே இல்லை. ஆனால் மைக் செல்லோவை மட்டும் கேட்பதில்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஃபேனை நிறுத்தினால் பத்தே நிமிஷத்தில் இடது கை வேர்த்து விரல் வழுக்குகிறது. நன்றாக வந்த ஒரே டேக்கில், தெருவில் பின்னோக்கி வந்த தண்ணி லாரி தன் மெட்டைப் போட்டுவிட்டுப் போனது. அமைதியான அறை இருப்பவர்கள் மைக்கை வைத்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

ஆம்புக்கு முன்னால் மைக் வைக்கும் வழியை இரண்டே முறைதான் பார்த்தேன், அதுவும் இரவல் வாங்கிய சின்ன கிடார் ஆம்பில். கிடார் ஸ்பீக்கர்கள் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் பேசாது. அதனால் பியூசோவின் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்) கீச்சு தானாகவே அடங்கியது, கூடவே கீழ் சி கம்பியும் அடங்கிவிட்டது. டிஸ்டார்ஷன் போட்டு முரட்டுத்தனமாக வாசிக்க இது தோதுப்படலாம். பெரிய பேஸ் ஆம்ப் கிடைத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ.

இனி நேரடி வயர். செல்லோவிலிருந்து கேபிள், நேரே இன்டர்ஃபேஸ், அதாவது ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி. முதலில் கேட்டது செல்லோ இல்லை, உர்ர்ர் என்ற இரைச்சல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் போய்விட்டது. எங்கள் வீட்டில் பல பிளக் பாயிண்ட்டில் எர்த் பேருக்குத்தான் இருக்கிறது. இரைச்சல் போன பிறகு வந்த சத்தத்தைத்தான் தம்பி கீபோர்டு என்றான். மெலிசு, மூக்கால் பேசுகிற மாதிரி, மேலே கீறல். ஈக்யூவில் பேஸைத் தூக்கினால் சத்தம் கொழுக்கவில்லை, குழம்பத்தான் செய்தது.

விஷயம் எங்கே இருக்கிறது என்று பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது. பெரும்பாலான எலக்ட்ரிக் செல்லோக்களில் குதிரையில் இருப்பது பியூசோ பிக்கப். மின்சாரக் கணக்கில் அது ஒரு சின்ன கெப்பாசிட்டர். சுரப்பு குறைந்த கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து எச்.பி. மோட்டாரைப் போட்டு இழுத்தால் என்ன ஆகும்? கிணறு வற்றும். இங்கே மோட்டார் என்பது கேபிளைச் சொருகும் இன்புட்: அதன் ஓம் எண் குறையக் குறைய இழுப்பு அதிகம், முதலில் வற்றுவது பேஸ்தான்.

கணக்காகவே பார்த்துவிடலாம். பிக்கப் 1 நானோஃபாரட், இன்டர்ஃபேஸின் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் 1 மெகாஓம் என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிய ஆரம்பிக்கும். செல்லோவின் கீழ் சி 65 ஹெர்ட்ஸ், ஜி 98, டி 147. அதாவது நாலில் மூன்று கம்பியின் அடிநாதம் அந்தச் சரிவில் நிற்கிறது. கேபிளைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், கீழ் சி மட்டும் 8 டெசிபலுக்கு மேல் இழக்கிறது. அதே பிக்கப்பை 10 மெகாஓம் இன்புட்டில் சொருகினால் சரிவு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், செல்லோவுக்கு அங்கே வேலையே இல்லை. லைன் இன்புட்டில் சொருகுபவர்கள் நிலைமை இன்னும் மோசம். அது வெறும் 10 கிலோஓம் கணக்கில்தான் இருக்கும். வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்க மேடையில் கிடைக்கும் சாதாரண பாஸிவ் டி.ஐ. பெட்டியும் இதற்கு உதவாது, ரேடியல் ஜே.டி.ஐ. போன்ற நல்ல பெட்டியே 140 கிலோஓம்தான். குறை பெட்டியுடையது அல்ல, அது பியூசோவுக்காகச் செய்ததில்லை.

பிக்கப்புக்குப் பிக்கப் இந்த நானோஃபாரட் மாறும், அதனால் உங்களுடையது என்னுடையதைவிட நன்றாகவே தாங்கலாம். உள்ளே பேட்டரி போடும் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யமஹா எஸ்.வி.சி. 110 போல உள்ளேயே பிரீஆம்ப் உள்ள செல்லோ என்றால் இந்தச் செலவே உங்களுக்கு வேண்டாம், நேரே ஐ.ஆருக்குப் போய்விடலாம். என்னுடையது பேட்டரி இல்லாத ரகம். எல்.ஆர். பேக்ஸ் பாரா டி.ஐ. என்ற பிரீஆம்ப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், 10 மெகாஓம் இன்புட். 9 வோல்ட் பேட்டரி ஒருமுறை டேக் நடுவிலேயே செத்து, சத்தம் கரகரவென்று பொரிந்தது. அன்றிலிருந்து இன்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியாகவே தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரில்தான் ஓட்டுகிறேன்.

பிரீஆம்ப் அடியை மீட்டுத் தரும், ஆனால் மரத்தைத் தராது. அக்கூஸ்டிக் செல்லோவின் பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்திலும், மரப்பலகைகள் அதற்கு மேலே பல இடங்களிலும் கூடவே முனகும். கட்டை உடம்பு எலக்ட்ரிக் செல்லோவில் அந்த முனகல் கிடையாது. ஐ.ஆர். அதைத்தான் இரவல் தருகிறது. அதை ஓட்ட, ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் இருக்கும் ரியாவெர்ப் போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். நான் கலப்பது முக்கால் ஐ.ஆர்., கால் பச்சை ஒலி, அதாவது ஐ.ஆர். போடாதது. முழுக்க ஐ.ஆர். போட்டால் போர்வைக்குள் வாசிப்பது போல ஆகிவிடுகிறது. அதோடு 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு 3 டெசிபல் குறைப்பு. பதிவாவது எப்போதும் பச்சை ஒலிதான், ஆனால் ஹெட்ஃபோனில் ஐ.ஆரோடு கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். பச்சை ஒலியைக் கேட்டு வாசித்தால் கை தானாகவே வில்லை அழுத்துகிறது, பியூசோ அழுத்தத்தை மன்னிக்காது.

இந்த வழிக்கும் ஒரு எல்லை உண்டு. நாலு டேக் வாசித்து அடுக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே ஐ.ஆர். போட்டால் மறுபடி கீபோர்டுதான். டேக்குக்கு ஒரு ஐ.ஆர். மாற்றுகிறேன், ஓரளவு தப்பிக்கிறது. விளம்ப காலத்தில் தனி செல்லோ, நீண்ட கார்வை, பின்னால் எதுவும் இல்லை என்றால் இன்றும் மைக்தான் ஜெயிக்கும்.

அந்தக் குறும்படத் துண்டையே புதிதாக வாசித்து தம்பிக்கு அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது: "அண்ணே, கீழ கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. குறைச்சுக்கவா?"