ஐப்டேசியா: மலையகக் குளிரில் நீண்ட நாள் பலன் தரும் முறை எது?

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு, பாறைகளில் களைபோல் பெருகித் தொல்லை தரும் சிறு கடல் அனிமோனான ஐப்டேசியாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கண்ணாடி போன்ற பழுப்புத் தண்டு, நீண்டு மெலிந்த கைகள், தொட்டவுடன் துளைக்குள் ஒடுங்கும் வேகம். சுரண்டி எடுப்பதுதான் பலரும் முதலில் செய்வது; அதைவிடக் கெடுதல் வேறில்லை. பாறையில் எஞ்சும் அடித்தட்டுத் துணுக்கு ஒவ்வொன்றும் தனி அனிமோனாக வளர்ந்துவிடும்.

கொதிநீரை ஊசியால் செலுத்தும் முறை இங்கே இன்னும் பலவீனமானது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். சிரிஞ்சில் ஏற்றித் தொட்டிக்குக் கொண்டுவருவதற்குள் சூடு பாதி போய்விடும். எலுமிச்சைச் சாறு சிறியவற்றைக் கொல்லும், பெரியவை சுருங்கி மீண்டும் வரும். பாறையையே வேகவைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். அதில் ஸொவாந்திட் என்ற பவளம் போன்ற உயிரி இருந்தால் பாலிடொக்சின் நஞ்சு ஆவியோடு கலந்து வீட்டிலுள்ள எல்லோரையும் ஆபத்தில் தள்ளும்.

நீண்ட காலப் பாவனையில் நம்பிக்கை தருவது கல்சியம் ஹைட்ரொக்சைட்டுப் பசை. வெற்றிலைச் சுண்ணாம்பும் அதே பொருள்தான், ஆனால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. தூய தூளையே வாங்குங்கள். ஆர்ஓ (சவ்வு வழியே வடிகட்டிய தூய) தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஊசியில் அடைக்காத அளவுக்குக் கெட்டியாகக் குழைக்க வேண்டும். நீர்த்துப்போனால் அனிமோன் மேல் நிற்காமல் பவளங்கள் மேல் பரவிவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்; இந்தப் பசை கண்ணைச் சுட்டுவிடும்.

முதலில் எல்லாப் பம்புகளையும் நிறுத்துங்கள். கைகள் விரிந்திருக்கும்போது ஊசிமுனையை மெதுவாக வாயருகே கொண்டுபோய், உடலில் குத்தாமல், வாயின் மேல் ஒரு துளி வையுங்கள். சுருங்கத் தொடங்கியதும் துளைவாயையும் பசையால் மூடுங்கள். கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு பம்பைப் போடலாம். 100 லீற்றர் தண்ணீருக்கு ஒரு தடவையில் 1 மில்லிலீற்றர், மிஞ்சினால் 2. அதற்கு மேல் போனால் பீஎச், அதாவது தண்ணீரின் காரத்தன்மை ஏறி, மீன்கள் மேலே வந்து மூச்சுவாங்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் தொட்டிகளைக் கெடுக்கிறது. ஓரிரு வாரத்தில் அதே இடத்தில் குஞ்சுகள் தெரிந்தால் மறுபடி வையுங்கள். முதல் சுற்றிலேயே முடிவது அபூர்வம்.

பசை எட்டாத இடுக்குகளுக்குப் பெப்பர்மிண்ட் இறால் உதவும். இரவில்தான் மேயும், சிறிய ஐப்டேசியாவையே விரும்பும். மீன் தீனி தாராளமாகக் கிடைத்தால் அதையும் விட்டுவிடும். வாங்கும்போது முதுகைப் பாருங்கள்: கூன் விழுந்து, வெள்ளைக் கோடுகள் தடித்திருந்தால் அது ஒட்டக இறால், பவளத்தையே தின்னும். முன்பு செப்பு மருந்து போட்ட தொட்டியில் இறால் தங்குவது சந்தேகமே. கொழும்பிலிருந்து மலையேறி வரும் பையின் தண்ணீர் வழியிலேயே குளிர்ந்திருக்கும் என்பதால், முதலில் பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, பிறகு தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பை நீரில் சேர்த்து ஒரு மணி நேரமாவது இறாலைப் பழக்குங்கள்.

குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரவில் ஹீட்டர் நின்று தொட்டி குளிர்ந்தால் இறால் மந்தமாகும், பவளம் வாடும்; ஐப்டேசியா மட்டும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். 100 லீற்றருக்கு 100 வாட் ஹீட்டர் இரண்டு வைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றது ஓரளவு காக்கும்.

முன்பக்கம் சுத்தமாகிவிட்டது என்று நினைத்த தொட்டியில் மீண்டும் முளைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சம்பும் (கீழேயுள்ள வடிகட்டித் தொட்டி) அதற்குத் தண்ணீர் வழியும் ஓவர்ஃப்ளோ பெட்டியும். நுரையோடு கழிவை அகற்றும் ஸ்கிம்மரின் அடிப்பகுதியையும் குழாய் வளைவுகளையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். பொடித் தீனியைக் குறைத்தால் அங்கே வளரும் வேகமும் குறையும்.

புதிய பவளத்தை மருந்துத் தண்ணீரில் முக்குவதை மட்டும் நம்பக் கூடாது, ஐப்டேசியா அதில் தப்பிவிடும். பவளம் ஒட்டியிருக்கும் அடிக்கட்டையை வெட்டி எறிந்து, பவளத்தை மட்டும் சூப்பர் குளூ ஜெல் கொண்டு புதுக் கட்டையில் ஒட்டித் தொட்டியில் வையுங்கள்.