கையை எடுங்க அக்கா

டொரொண்டோவிலிருந்து நான் ஊருக்கு வந்து இறங்கியபோது அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முதுகுத்தண்டில், மார்புக்குப் பின்னால் இருக்கும் டி10 என்ற எலும்பில் காசநோய். "அது நுரையீரலில்தானே வரும்?" என்று கேட்காத உறவினர் இல்லை. எலும்பிலும் வரும், எலும்புக்கு வந்தால் பெரும்பாலும் முதுகெலும்பில்தான் போய் உட்காரும். அப்பாவுக்கு அங்கே சீழ் கோத்து, தண்டுவடத்தை நெருக்கி, இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. சீழை எடுத்து ஸ்க்ரூவும் ராடும் வைத்திருந்தார்கள். ஆபரேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தையல் பிரித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழே "பிசியோதெரபி" என்று ஒரே ஒரு சொல். எங்கே, யாரிடம், எவ்வளவு நாள் என்று ஒரு வரி இல்லை. அசைந்தால் ராடு நகர்ந்துவிடும் என்று பயந்து அம்மா அவரை மல்லாக்கப் படுக்கவைத்து அப்படியே காத்துவந்திருக்கிறார். நான் மெல்லத் திருப்பிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே, எலும்பு துருத்தும் இடத்தில், தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் படி அது.

வேறொரு மருத்துவமனையின் பி.எம்.ஆர். வார்டில், அதாவது உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வுப் பிரிவில், இடம் பிடிக்க நான்கு நாள் ஆனது. மறுவாழ்வுப் பிரிவில் சேர்க்கிறோம் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "அண்ணனுக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே!" என்றார். மறுவாழ்வு என்றாலே குடியை விடவைக்கும் இடம் என்று ஆகிவிட்டது நம் பக்கத்தில். காப்பீட்டு நிறுவனமும் ஏறக்குறைய அந்த மனநிலைதான். ஆபரேஷனுக்குக் கொடுத்தார்கள், நடக்கவைக்கும் சிகிச்சைக்கு, இதை வெளியிலிருந்து வந்துபோயே செய்துகொள்ளலாம் என்று கைவிரித்துவிட்டார்கள். உட்காரவே முடியாத மனிதர் எப்படி வந்துபோவார் என்று கேட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை.

முதல் வாரம் முழுக்க உட்காருவதற்கே போனது. வாரக்கணக்கில் படுத்துக் கிடந்த உடம்பைச் சட்டென்று நிமிர்த்தினால் ரத்தம் கால்களுக்கு இறங்கி, அழுத்தம் விழுந்து, கண் இருட்டும். அதனால் கால்களில் கிரேப் பேண்டேஜ், வயிற்றில் பெல்ட், சாயும் மேசையில் வார் போட்டுக் கட்டி முதல் நாள் 30 டிகிரி, அப்புறம் 45, அப்புறம் 60. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பி.பி. பார்த்தார்கள். 60-இல் நின்றபோது, "ஜன்னலுக்கு வெளியே மரம் இருக்கே, இத்தனை நாளா சொல்லவே இல்லையே" என்றார் அப்பா.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டையை உருட்டுவதுபோல. முதுகு முறுக்கக் கூடாது. இதை நர்ஸ் செய்வார் என்று நினைத்தால் தவறு. முதல் இரண்டு நாள் அவர்கள் செய்ய நான் பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து நான் செய்ய அவர்கள் பார்த்தார்கள். டொரொண்டோவில் என் மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தபோது நாங்கள் வெறும் பார்வையாளர்கள். இங்கே அட்டெண்டர் என்று வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும் என்பது வார்டு விதி. ஆள் பற்றாக்குறையை மறைக்கும் தந்திரம் என்றுதான் முதலில் எரிச்சல்பட்டேன். ஓரளவு உண்மையும் அதுதான். ஆனால் வீட்டுக்குப் போனபிறகு நாங்கள் பயப்படாமல் இருந்ததற்கும் அந்த விதிதான் காரணம்.

சிறுநீர் விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். நிரந்தரமாகச் செருகியிருந்த குழாயை எடுத்துவிட்டு, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு வடித்துவிட்டு எடுக்கும் முறைக்கு மாற்றினார்கள். எவ்வளவு குடித்தார், எவ்வளவு வந்தது என்று நோட்டில் குறிக்க வேண்டும். ஒரு தடவையில் 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது. குழாயைத் தானே விட்டுக்கொள்ள அப்பா கற்றது எழுபத்தொரு வயதில். மகளை வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் கற்றார். அப்புறம் உணர்வு திரும்பி, குழாயே தேவைப்படாமல் போனது. அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த நிம்மதியை நடந்தபோதுகூடப் பார்க்கவில்லை.

ஒருநாள் காலையில் நர்ஸ், "ஐயாவை ஓ.டி.க்குக் கூட்டிட்டு வாங்க" என்றதும் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. இன்னொரு ஆபரேஷனா? இந்த வார்டில் ஓ.டி. என்றால் ஆக்குபேஷனல் தெரபி. சட்டை போடுவது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது, கழிப்பறையில் உட்கார்ந்து எழுவது எல்லாம் அங்கேதான். கேலியாகத் தெரியலாம், ஆனால் ஒரு மனிதர் தன் பனியனைத் தானே மாட்டிக்கொள்வதற்கு நாற்பது நிமிடம் எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கேலி செய்யமாட்டார்கள்.

கை பரபரக்கும். எனக்கும் அம்மாவுக்கும். பிசியோ பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நான் அப்பாவின் முழங்காலைத் தூக்கிவிடப் போகும்போதெல்லாம், "கையை எடுங்க அக்கா. நீங்க தூக்கினா அந்தத் தசை எதுக்கு வேலை செய்யணும்?" என்பாள். தசை வலுவை 0 முதல் 5 வரை கிரேடு போடுகிறார்கள். புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிந்தால் 3. அப்பாவின் வலது முழங்கால் இரண்டில் பத்து நாள் நின்றது. ஒருநாள் இரவு கால் திடீரென்று வெட்டி மடங்கியது. அம்மா சாமி கும்பிட்டுவிட்டார். அது தானாக வரும் தசைத் துடிப்பு, அவராக அசைத்தது வேறு என்று மறுநாள் டாக்டர் விளக்கினார். சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பிவந்தார். அங்கே 1966-இல் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் தொடங்கியதே அவரால்தான். அத்தனை காலமாக நம் மாநிலத்திலேயே இருக்கும் ஒரு மருத்துவத் துறை ஒரு டிஸ்சார்ஜ் தாளில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியது எப்படி என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

நான்காம் வாரம் இணைகம்பிகளுக்கு நடுவே நின்றார். ஐந்தாம் வாரம் வாக்கரில் பன்னிரண்டு அடி நடந்தார். படி ஏறும்போது பலமான கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில் என்று மனப்பாடம் செய்துகொண்டார். போகும் முன் வீட்டுக் கதவுகளின் அகலத்தை அளந்து வரச் சொன்னார்கள். குளியலறைக் கதவு 60 சென்டிமீட்டர். சக்கர நாற்காலி 65.

விடுப்பை இரண்டு வாரம் நீட்டி, கொத்தனாரை வைத்துக் கதவை இடித்து அகலப்படுத்திய பிறகுதான் விமானம் ஏறினேன். "இப்போதான் நடக்கிறாரே, எதுக்கும்மா இடிக்கணும்?" என்று கேட்டார் கொத்தனார். அப்பா நாற்காலியிலிருந்தே டேப்பை நீட்டிப் பிடித்து, "நீ தொண்ணூறு வை" என்றார்.