ஜெர்மனியா, ஜப்பானா: ஆன்லைனில் முதலில் எங்கே விற்பது?

ஜெர்மனியில் முதல் ஆர்டர் வருவதற்கு முன்பே பதிவு வேலைகள் வந்துவிடும். விற்பனை மீதான வரியான வாட் 19 சதவீதம். பொருளை அனுப்பும் அட்டைப்பெட்டிக்குக்கூட லூசிட் என்ற பேக்கேஜிங் பதிவேட்டில் பதிந்து, மறுசுழற்சிக்குப் பணம் கட்ட வேண்டும். 2024 டிசம்பரிலிருந்து பெரும்பாலான பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே பொருளின் பாதுகாப்புக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

சரி, இதெல்லாம் ஒருமுறை ஏற்பாடு செய்துவிடலாம். தொடர்ந்து கையைக் கடிப்பது ரிட்டர்ன்தான். காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல வாங்குபவருக்குச் சட்ட உரிமை உண்டு. பொருள் வந்த பிறகு பணம் கட்டும் பழக்கமும் பரவலானது. அதனால் ஒரே சட்டையை இரண்டு அளவில் வரவழைத்து, போட்டுப் பார்த்து, ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார்கள். விலையில் இதைச் சேர்க்காவிட்டால் லாபம் நிற்காது.

ஜப்பானில் நுகர்வு வரி பொதுவாக 10 சதவீதம். ரிட்டர்ன் விதியை விற்பவர் தெளிவாக எழுதிவிட்டால் அதுவே செல்லும். ஆனால் பொருளை விற்கும் இணையப் பக்கம் முழுக்க நல்ல ஜப்பானிய மொழியில் இருக்க வேண்டும். மெஷின் மொழிபெயர்ப்பு போதாது. அமேசானோடு ராகுடென் என்ற ஜப்பானிய ஆன்லைன் தளமும் அங்கே பெரிய சந்தை. கன்வீனியன்ஸ் கடையில் பணம் கட்டும் வசதியும் தேவை.

அளவும் மாறும். ஜெர்மனியில் தலையணை உறை 80×80 செ.மீ., ஜப்பானில் 43×63. ஒரே சரக்கு இரண்டுக்கும் ஆகாது.

ஆயத்த ஆடை என்றால் ஜப்பானைத்தான் முதலில் சொல்வேன். போட்டுப் பார்க்கத் தேவையில்லாத பொருள் என்றால் ஜெர்மனி. அங்கிருந்தே பிரான்ஸ், ஆஸ்திரியாவுக்கும் விற்கலாம், அந்த வாட்டை ஒரே கணக்கில் காட்டலாம்.