செலக்‌ஷனைப் பிடித்துவைக்க எது தோது: ரேஞ்சா, குறியா, எண்ணா?

ஏப்ரலில் தமிழ் மொழி விழா நெருங்கினால் எங்கள் தொண்டூழியர் குழுவுக்கு அறிவிப்பு எழுதும் வேலை கூடிவிடும். அதற்கென்று பிரவுசரில் ஓடும் ஒரு சின்ன எடிட்டர் செய்து கொடுத்திருந்தேன். குழுவில் ஓர் அக்கா ஒரு சொல்லைத் திருத்திக்கொண்டே இருப்பார். நடுவில் பிழைதிருத்தி ஓடும், கர்சர் போய்ப் பக்கத்தின் தலையில் நிற்கும். "தம்பி, எழுதவே விடமாட்டேங்குதே" என்றார். சரி, பிழைதிருத்தி ஓடும்முன் கர்சர் நிற்கும் இடத்தையோ தேர்ந்தெடுத்த பகுதியையோ (இதுதான் செலக்ஷன்) பிடித்துவைத்து, பிறகு திருப்பிப் போடும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எல்லோரும் கை வைப்பது ரேஞ்சில், அதாவது தேர்வின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவைக்கும் பிரவுசர் பொருளில். கெட்செலக்‌ஷனிலிருந்து ரேஞ்சை எடுத்து, குளோன்ரேஞ்ச் போட்டு நகலெடுத்து வைத்துக்கொள்வது. பிறகு திருப்பிப் போடுவது. இரண்டே வரி. ஆனால் குளோன் என்பதால் அது படம் பிடித்து மாட்டியதுபோல அப்படியே இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அதுவும் உயிருள்ள ரேஞ்ச். பக்கம் மாறினால் கூடவே மாறும். ஒரு டெக்ஸ்ட் நோடை, அதாவது பக்கத்தில் உரை இருக்கும் துண்டை, பிளந்தால் தானே சரிசெய்துகொள்ளும், அது நல்லது. ஆனால் பிழைதிருத்தி செய்வதுபோல இன்னர்எச்டிஎம்எல்லை, அதாவது எடிட்டருக்குள் உள்ள எச்டிஎம்எல்லை, மொத்தமாக மாற்றி எழுதினால் பழைய நோடுகள் போய்விடும். ரேஞ்சின் இரு முனைகளும் எடிட்டரின் பூஜ்யத்தில், அதாவது தொடக்கத்தில், வந்து ஒட்டிக்கொள்ளும். அக்காவின் கர்சர் தலைக்கு ஓடிய கதை இதுதான். இன்னொன்று, ரேஞ்சுக்குத் திசை கிடையாது. ஷிப்டோடு இடப்பக்கமாகத் தேர்ந்தெடுத்தவருக்கு அதே திசை வேண்டுமென்றால் ஆங்கர் (தேர்வு தொடங்கிய முனை), ஃபோகஸ் (தேர்வு முடிந்த முனை) இரண்டையும் தனியே வைத்து செட்பேஸ்அண்ட்எக்ஸ்டென்ட் போட வேண்டும்.

அடுத்தது குறி. இரு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத காலி ஸ்பேன் (ஓர் எச்டிஎம்எல் டேக்) செருகி, வேலை முடிந்ததும் அதைத் தேடி எடுப்பது. ஸ்பேனும் சேர்ந்தே எழுதப்படும்வரை இன்னர்எச்டிஎம்எல் மாறினாலும் பிழைக்கும். எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்றால், கர்சர் சொல்லின் நடுவில் இருந்தால் "தேக்" தனி, "கா" தனி என்று பிழைதிருத்திக்குத் தெரியும். இரண்டையும் தவறென்று அடிக்கோடிடும். பிரவுசரின் அன்டூ வரிசையும் குழம்பும். எடுக்க மறந்த ஸ்பேன் சேமிப்பிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது எண். எடிட்டரின் தொடக்கத்திலிருந்து கர்சர்வரை எத்தனை எழுத்து என்று எண்ணி வைத்து, திரும்ப வரும்போது ட்ரீவாக்கரால் (நோடுகளை வரிசையாகக் கடக்கும் பிரவுசர் கருவி) டெக்ஸ்ட் நோடுகளை நடந்து கழித்துக்கொண்டே போவது. நோடுகள் எப்படி உடைந்தாலும் கவலையில்லை. எண் என்பதால் நாளைக்கும் சேமிக்கலாம்.

தமிழில் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல, யுடிஎஃப்-16 அலகை. அதில் எழுத்தும் அதனோடு ஒட்டும் குறியும் தனித்தனி அலகு. "கோப்பி" நம் கண்ணுக்கு 3 எழுத்து. அதன் கணக்கில் 6. அந்த "கோ"வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக வந்த உரையென்றால் 7. பார்க்க இரண்டும் ஒன்றே. பழைய கோப்பிலிருந்து ஒட்டிய உரையை பிழைதிருத்தி என்எஃப்சியாக (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றினால், கர்சருக்கு முன்னால் இப்படி 10 எழுத்து இருந்தால் 10 இடம் தள்ளி நிற்கும். உரை உள்ளே வரும்போதே என்எஃப்சி ஆக்கிவிட்டு எண்ணத் தொடங்குவதே மேல்.

நோடுகளின் வரிசைப் பாதையை, அதாவது எதற்குள் எத்தனையாவது நோட் என்பதை, சேமிக்கும் வழியும் உண்டு. நடுவில் ஒரு போல்ட் போட்டாலே பாதை மாறிவிடுவதால் அதை இரண்டே நாளில் கைவிட்டேன்.

ஆனால் போல்ட் பட்டனுக்கு மட்டும் இவற்றில் எதுவும் தேவையில்லை. பட்டனின் மவுஸ்டவுனில் பிரிவென்ட்டிஃபால்ட் (பிரவுசரின் வழக்கமான செயலைத் தடுப்பது) போட்டால் எடிட்டரைவிட்டு ஃபோகஸே நகராது, செலக்‌ஷன் இருந்த இடத்திலேயே இருக்கும். உரையை மாற்றி எழுதும் பிழைதிருத்திக்குத்தான் எண். அதிலும் ஒரு பத்தியின் கடைசிக்கும் அடுத்த பத்தியின் தொடக்கத்துக்கும் ஒரே எண் வந்தது. புதுப் பத்தி தொடங்கிய அக்காவின் கர்சர் மேல் வரிக்கு ஏறியது. அதனால் பத்தியின் வரிசை எண்ணையும், அந்தப் பத்திக்குள் உள்ள இடத்தையும் சேர்த்தே இப்போது வைத்துக்கொள்கிறேன்.