ஏ.எஸ்/400-இல் ஜர்னலும் டேப்பும்: 11 வருட அனுபவம்

வாகன உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனத்தில் 11 வருடமாக ஏ.எஸ்/400-ஐப் பார்த்துக்கொள்கிறேன். 1988-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த இந்த வணிகக் கணினி ஐசீரிஸ், சிஸ்டம் ஐ என்று பெயர் மாறி, 2008 முதல் பவர் சர்வரில் ஓடும் 'ஐ.பி.எம். ஐ' ஆகிவிட்டது. எங்கள் ஆபீசில் இன்றும் அது ஏ.எஸ்/400தான்.

புதிதாக வருபவர்களுக்கு ஜர்னலை நான் கணக்குப்பிள்ளை பாணியில்தான் விளக்குவேன். டேட்டாபேஸ் ஃபைல் பேரேடு என்றால் ஜர்னல் குறிப்பேடு. எந்த வரி எப்போது மாறியது, எந்த யூசர், எந்த ஜாப் (கணினியில் ஓடும் ஒரு வேலை), எந்த புரோகிராம் மாற்றியது என்று எல்லாம் அதில் வரிசை எண்ணோடு பதிவாகும். பதிவுகள் போய்ச் சேரும் இடம் ரிசீவர். பேரேடு எரிந்துபோனால் குறிப்பேட்டை வைத்துத் திரும்ப எழுதிவிடலாம். ஆனால் தொடக்க இருப்பு தெரிய வேண்டுமே! அந்தத் தொடக்க இருப்புதான் டேப்பில் இருக்கும் பேக்கப்.

ஜர்னலின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு மாதக் கடைசியில். சரக்கு இருப்பைக் கழிக்கும் ஜாப் தவறுதலாக இரண்டு முறை ஓடிவிட்டது. மாற்றங்களைப் பின்னோக்கி நீக்கும் கட்டளை உண்டு. ஆனால் அதே நேரத்தில் கவுண்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பதிவுகளும் இடையிடையே கலந்து கிடந்ததால், அப்படியே பின்னோக்கிப் போனால் அதுவும் சேர்ந்து அழியும். அதனால் அந்த ஒரு ஜாப்பின் பதிவுகளை மட்டும் வடிகட்டி ஒரு ஃபைலில் இறக்கினோம். மாற்றத்துக்கு முந்தைய வரி 'UB' என்ற குறியோடும் பிந்தைய வரி 'UP' என்ற குறியோடும் ஜோடி ஜோடியாக நின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அதை இருப்பில் திரும்பக் கூட்டினோம். முந்தைய, பிந்தைய இரண்டு நிலையையும் பதியச் சொல்லியிருந்ததால்தான் இது முடிந்தது. இடம் மிச்சம் என்று பிந்தைய நிலையை மட்டும் வைத்திருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அப்புறம் ஜர்னல்மேல் நம்பிக்கை கூடிப்போனது. அதுவே ஆபத்தாகவும் இருந்தது. ஞாயிறு இரவு ஃபைல்களைத் தொகுத்து வைத்திருக்கும் லைப்ரரி முழுவதும் டேப்புக்குப் போகும், மற்ற நாட்களில் மாறியவை மட்டும். ஜாப் லாக், அதாவது ஜாப் ஓடியதன் பதிவு, தினமும் பிழையில்லாமல் முடிந்தது. ஒருநாள் சோதனை பார்ட்டிஷனில் (அதே இயந்திரத்தில் சோதனைக்கென்று பிரித்துவைத்த பகுதி) வெள்ளிக்கிழமை டேப்பைப் போட்டு ரெஸ்டோர் செய்து பார்த்தேன். ஆர்டர் ஃபைலும் இருப்பு ஃபைலும் அதில் இல்லவே இல்லை. மாறியதை மட்டும் சேமிக்கும் கட்டளையில் ஜர்னல் போட்ட ஃபைல்களுக்கென்று ஒரு பாராமீட்டர் உண்டு. அதன் இயல்பு மதிப்பு 'நோ'. மாற்றங்கள் ரிசீவரில் இருக்கின்றன, ரிசீவரைச் சேமித்தால் போதும் என்பது அதன் கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனால் எங்கள் ரிசீவர் இருந்த லைப்ரரி பேக்கப் பட்டியலிலேயே இல்லை. அன்று டிஸ்க் போயிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நிலைக்குத்தான் திரும்பியிருப்போம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது எங்கள் வழக்கம் இது. தினமும் இரவு பழைய ரிசீவரைக் கழற்றிப் புதியது மாட்டுகிறோம், கழற்றியதை டேப்பில் ஏற்றுகிறோம். மாட்டுவதைச் சிஸ்டமிடம் விட்டாலும், அழிப்பதை மட்டும் அதனிடம் விடவில்லை. ரிசீவர்கள் தனி ஏ.எஸ்.பி.யில், அதாவது தனியாகப் பிரித்த டிஸ்க் தொகுதியில் இருக்கின்றன, ஃபைல் இருக்கும் டிஸ்க்கோடு சேர்ந்து அவையும் போகக் கூடாது. புதிதாக ஒரு ஃபைலுக்கு ஜர்னல் தொடங்கினால் அன்றே அதை ஒருமுறை சேமித்துவிடுகிறோம். ஜர்னலுக்கு முன் எடுத்த பேக்கப்பின் மேல் ரிசீவர் பதிவுகளை ஏற்ற முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஞாயிறு டேப்பை ரெஸ்டோர் செய்து, ரிசீவர்களை ஜர்னலோடு இணைத்து, பதிவுகளை ஏற்றிப் பார்க்கிறோம். முழு சிஸ்டம் சேமிப்பு, அதாவது சேவ் மெனுவின் 21, நீண்ட விடுமுறையில்தான். அதற்கு எல்லோரையும் வெளியேற்றியாக வேண்டும்.

சிரமம் இல்லாமல் இல்லை. பெரிய பேட்ச் ஜாப்கள் ஜர்னலால் மெதுவாகும். பல மாற்றங்களை ஒரே தொகுதியாக உறுதிசெய்யும் கமிட்மென்ட் கன்ட்ரோலில் ஓட்டியதும் எங்களுக்கு அது ஓரளவு சரியானது. இடமும் நிறைய தின்னும். ஒரு தீபாவளி நெருக்கத்தில் ரிசீவர்கள் குவிந்து, டிஸ்க் 90 சதவீதத்தைத் தாண்டி, ஆபரேட்டர் திரையில் எச்சரிக்கை வந்தது. இரவுப் பணியில் இருந்த தம்பி இடத்தைக் காலி செய்ய ஒரு ரிசீவரை அழிக்கப் பார்த்தான். 'இது இன்னும் முழுமையாகச் சேமிக்கப்படவில்லை' என்று சிஸ்டம் கேட்டது. 'ஐ' அடித்தால் அழியும், 'சி' அடித்தால் நிற்கும். அவன் எதையும் அடிக்காமல் எனக்கு போன் செய்தான். "அண்ணே, 'சி' அடிக்கவா?" என்றான். அடிக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்த ரிசீவரில் அன்றைய பகல் விற்பனை முழுவதும் இருந்தது.