ஸ்டீல்புக் சேகரிப்பு: பல வருட அனுபவமும் 'லிமிடெட்' என்ற ஸ்டிக்கரும்

ஸ்டீல்புக், அதாவது படங்களின் டிஸ்க் வருகிற உலோகப் பெட்டியை, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் வைத்து ரசிக்கிற பொருளாக அது அருமை. பின்னால் விலை ஏறும் என்று நம்பி வாங்குவதென்றால், இப்போது வெளியாகிற வேகத்தில் பெரும்பாலானவை தேறாது. பல வருடங்களாக வாங்கி, பார்த்து, சிலவற்றை விற்றும் இருப்பதால் இதை உறுதியாகவே சொல்கிறேன்.

பொருளைப் பற்றி முதலில். ஸ்டீல்புக் என்பது டென்மார்க்கின் ஸ்கனாவோ நிறுவனத்தின் வணிகப் பெயர். தகரத்தில் வருகிற எல்லாப் பெட்டியும் ஸ்டீல்புக் ஆகிவிடாது. நல்ல ஸ்டீல்புக்கைக் கையில் எடுத்தால், எழுத்து மேடாக எழும்பியிருக்கிற இடம் விரலுக்கே தெரியும். சில பெட்டிகளில் படத்துக்கு அடியில் வெள்ளை மை பூசாமல் நேராக உலோகத்தின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் சிவப்பும் நீலமும் உள்ளிருந்து மின்னும். சாதாரண பிளாஸ்டிக் பெட்டியில் இது கிடைக்கவே கிடைக்காது. குறைகளும் உண்டு. மூலை லேசாக இடிபட்டாலும் நசுங்கும், நசுங்கினதை நிமிர்த்த முடியாது. அலமாரியில் நெருக்கி அடுக்கி உருவி எடுத்தால் பக்கங்களில் கீறல் விழும். தனித்தனி பிளாஸ்டிக் உறை போட்டு வைப்பது அவசியம்.

சரி, விலைக்கு வருவோம். முன்பெல்லாம் பெரிய படங்களுக்குத்தான் இந்தப் பெட்டி வரும், அதுவும் குறிப்பிட்ட சில விற்பனையாளர்களிடம் மட்டும். விற்றுத் தீர்ந்ததும் தேடுகிறவர்கள் கூடுவார்கள், விலையும் ஏறும். இப்போது ஏறக்குறைய எல்லாப் பெரிய படத்துக்கும் வெளியீட்டு நாளிலேயே பெட்டி வந்துவிடுகிறது. பழைய படங்களுக்கும், ஓடிடி தொடர்களுக்கும்கூட வருகிறது. 2016-இல் ப்ளூ-ரேயைவிடத் துல்லியமான படம் தருகிற 4கே டிஸ்க் வந்த பிறகு, ஏற்கெனவே ப்ளூ-ரே பெட்டி வந்த படங்களே மறுபடி 4கே பெட்டியாக வரத் தொடங்கின. அப்புறம் ஆண்டு விழாப் பதிப்பு, அப்புறம் வேறு நாட்டில் வேறு ஓவியத்துடன் இன்னொன்று. புதிய பெட்டி அறிவிக்கப்பட்ட உடனேயே பழையதை விற்பனைக்குப் போடுகிறவர்கள் கூடிவிடுவார்கள். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்: புதிய பெட்டியின் ஓவியம் சுமாராக இருந்தால், பழைய பெட்டியின் விலை மெல்ல மீண்டுவிடும். அதே ஓவியத்தை அப்படியே மறுபடி அச்சடித்தால் மீள்வதில்லை.

'லிமிடெட் எடிஷன்' என்ற ஸ்டிக்கரைத்தான் நான் கொஞ்சமும் நம்புவதில்லை. எத்தனை அச்சடித்தார்கள் என்பது பெரும்பாலும் வெளியே தெரியாது. ஒவ்வொரு பிரதிக்கும் எண் போட்டு வருகிற பதிப்புகள் பரவாயில்லை. செக் நாட்டின் ஃபிலிமரீனாவும் கொரியாவின் சில சிறு வெளியீட்டாளர்களும் அதை ஒழுங்காகச் செய்தவர்கள். ஆனால் அங்கேயும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே படத்துக்கு முழு ஸ்லிப் (பெட்டியை மூடுகிற அட்டை உறை), லென்டிகுலர் ஸ்லிப் (சாய்த்துப் பார்த்தால் படம் மாறுகிற உறை), எல்லாம் சேர்ந்த பெரிய பெட்டி என்று பல வகை வரும். ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் தனியாகப் பார்த்தால் சிறியதுதான். கூட்டிப் பார்த்தால் அந்தப் படத்தைத் தேடுகிறவர்களைவிட அதிகமாகிவிடும். எண்ணைப் பார்க்கிறவர்கள் இந்தக் கூட்டலைப் போடுவதில்லை.

காமிக்ஸ் உலகம் இதே பாடத்தை முன்பே படித்துவிட்டது. 1991-இல் மார்வெலின் எக்ஸ்-மென் முதல் இதழ் ஐந்து அட்டைகளில் வந்து, கடைகளுக்கு 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. ஏராளமான பேர் அதைப் பிரிக்காமல், மடிக்காமல் பத்திரமாக வைத்தார்கள். அதனால்தான் இன்றும் அது மலிவாகக் கிடைக்கிறது. பழைய காமிக்ஸுக்கு விலை வந்தது, பெரும்பாலான பிரதிகள் கிழிந்தும் தொலைந்தும் போனதால். எல்லாரும் பாதுகாக்கிற பொருள் அரிதாக வாய்ப்பே இல்லை. ஸ்டீல்புக்கை வாங்குகிறவர்கள் எல்லாருமே அதைக் கண்ணாடிப் பொருள்போலத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

மிகையான அச்சு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், முன்பதிவு எண்ணிக்கைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. மறுவிற்பனைக்காக ஒருவரே பல பிரதி பதிவு செய்வார். விற்பனையாளருக்கு அதெல்லாம் ரசிகர்கள் மாதிரியே தெரியும். வெளியான சில வாரங்களில் அந்தப் பிரதிகள் ஒரே நேரத்தில் சந்தைக்குத் திரும்பும். விற்பனையாளரிடமும் மீதம் இருக்கும், அவர் தள்ளுபடி போடுவார். ஒருமுறை தள்ளுபடி விலையைப் பார்த்துவிட்டவர்கள் அதற்கு மேல் கொடுக்க மனம் வராமல் காத்திருப்பார்கள். இந்த இடத்தில்தான் விலை உண்மையில் உடைகிறது. அதிகம் அச்சடித்ததைவிட, தள்ளுபடியில் விற்றதுதான் அதிகக் காலத்துக்கு அடிக்கிறது.

அமெரிக்காவின் பெரிய மின்னணுப் பொருள் விற்பனையாளரான பெஸ்ட் பை 2024-இன் தொடக்கத்தில் டிஸ்க் விற்பனையை நிறுத்தியபோது, இனி எல்லாம் அரிதாகிவிடும் என்று நிறையப் பேர் எதிர்பார்த்தார்கள். ஸ்டீல்புக் வருவது நிற்கவில்லை, வேறு விற்பனையாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். விற்கிற இடம் மாறினால் மட்டும் சரக்கு குறைந்துவிடாது.

மதிப்பு குறையாமல் நின்றவை என்னிடம் சில உண்டு. உரிமை கை மாறி மறுபடி டிஸ்க்காக வராத படங்கள், பின்னால் வந்த பதிப்புகளில் இல்லாத ஒலித்தடமோ கூடுதல் காட்சிகளோ உள்ளவை, சிறிய வெளியீட்டாளர்கள் ஒரே முறை அச்சடித்து நிறுத்தியவை. இவற்றில் பெட்டியோடு சேர்ந்து உள்ளே இருப்பதையும் தேடுகிறார்கள். விலை பார்க்கும்போது, கேட்கிற விலையை விட்டுவிட்டு விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும்.

கடைசியாக சீல் விஷயம், அதாவது புதுப் பெட்டியைச் சுற்றி ஒட்டி வருகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதிகமாக அச்சான பெட்டிக்கு, சீல் பிரிக்காததற்கும் பிரித்ததற்கும் விலையில் பெரிய வித்தியாசம் நிற்பதில்லை. அதனால் வந்த அன்றே பிரித்துவிடுங்கள். வழியில் டிஸ்க் பிடிப்பிலிருந்து கழன்று உள்ளேயே உருண்டு கீறல் விழுந்திருக்கலாம், உட்புறம் நசுங்கியிருக்கலாம். மாற்றித் தருகிற காலக்கெடு முடிந்த பிறகு அதைக் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. பெட்டியின் பின்பக்கத்தில் பட விவரத் தாளை ஒட்டியிருக்கும் பசையையும் அப்போதே மெதுவாக உருட்டி எடுத்துவிடுங்கள். நாளானால் அது இறுகி, மேட் (பளபளப்பில்லாத) பூச்சில் கறையாக நின்றுவிடும்.