கிராஃபைட் ஷாஃப்ட் புல்லர்: வாங்கலாமா?

கோவையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். செட்டிபாளையம் மைதானத்தில் கோல்ஃப் ஆடும் சிலர் கிளப் (கோல்ஃப் மட்டை) ரிப்பேருக்கு, அதாவது அதன் தண்டான ஷாஃப்டை அடிக்கும் தலையான ஹெட்டிலிருந்து கழற்றி மாட்ட, என்னிடம் வருவார்கள். ஸ்டீல் ஷாஃப்ட் என்றால் தனிக் கருவி எதுவும் வேண்டாம். வைஸில் கட்டி, ஹோசலை (ஹெட்டில் ஷாஃப்ட் நுழையும் குழலை) டார்ச்சில் சூடாக்கி, ஹெட்டைப் பிடித்துத் திருகினால் கையோடு வந்துவிடும். கிராஃபைட் வந்தால்தான் வயிற்றைக் கலக்கும். அதற்காகவே ஹெட்டை ஷாஃப்டிலிருந்து கழற்றும், ஸ்பிரிங் வைத்த இந்தப் புல்லரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன்.

கிராஃபைட் ஷாஃப்ட் என்பது ரெசினில் தோய்த்த கார்பன் இழைத் தாளை உருட்டிச் சுட்டெடுத்த குழாய். ஹெட்டை ஒட்டியிருப்பது எபாக்ஸி பசை. இழைகளைப் பிடித்து வைத்திருப்பதும் பெரும்பாலும் எபாக்ஸி வகைதான். அது இளகும்போது இதுவும் தளரத் தொடங்கும். அந்த நேரத்தில் திருகினால் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் பந்தை அடிக்கும்போது ஹோசல் வாயிலேயே ஒடியும். பட்டறைப் பையன் ஒவ்வொரு தடவையும், "அண்ணா, லேசா ஒரு திருகு திருகட்டுமா?" என்பான். கூடாது. நேராக இழுக்க மட்டும்தான் வேண்டும்.

புல்லர் செய்வதும் அதைத்தான். ரப்பர் தாடை ஷாஃப்டைக் கவ்விக்கொள்ளும். யு வடிவத் தகடு ஹோசல் வாயில் உட்காரும். ஸ்பானரால் ஸ்க்ரூவை முடுக்கினால் ஸ்பிரிங் அமுங்கி, தகடு ஹெட்டை நேர்கோட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். எனக்குப் பிடித்தது அந்த ஸ்பிரிங்தான். முதலில் அழுத்தம் கொடுத்துவிட்டு, அப்புறம் ஹீட் கன்னை ஹோசலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினால் போதும். எபாக்ஸி விட்டுக்கொடுத்த நொடியிலேயே ஹெட் தானாக நகர்ந்துவிடும். 'இன்னும் கொஞ்சம் சூடு காட்டுவோமா' என்ற யோசனைக்கே இடமில்லை. ஷாஃப்டைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த 'இன்னும் கொஞ்சம்'தான். ஹோசல் வாயை ஒட்டி ஷாஃப்டில் இருக்கும் வளையமான ஃபெரூலை மட்டும் முன்கூட்டியே பிளேடால் வெட்டி எடுத்துவிடுங்கள். அது பிளாஸ்டிக், உருகி எல்லா இடத்திலும் அப்பிக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. ரப்பர் தாடை வழுக்குகிறது. வழுக்குகிறதே என்று இறுக்கினால் மெல்லிய ஷாஃப்ட் நசுங்கி விரிசல் விடும். கொஞ்சம் ரோசின் பொடி தூவினால் அளவான இறுக்கத்திலேயே பிடிப்பு வருகிறது. கொடுத்திருக்கும் தகட்டின் விளிம்பு கூர்மையாக இருப்பதால் ஹோசல் பெயிண்டைக் கீறுகிறது. அதற்குப் பித்தளையில் நானே ஒன்று கடைந்துகொண்டேன்.

செட்டோடு வந்த இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை அப்படியே நம்பாதீர்கள். பளபளப்பான குரோம் ஹோசலில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். நீங்களும் இன்னும் சூடேறவில்லை என்று காட்டிக்கொண்டே இருப்பீர்கள். ஹோசலில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் அளந்தால் கிட்டத்தட்டச் சரியாக வரும்.

திரும்ப மாட்டும் வேலைக்கு இந்த செட்டில் ஒன்றும் இல்லை. ஷாஃப்ட் நுனியில் ஒட்டியிருக்கும் பழைய எபாக்ஸியை பிளேடால் மெதுவாகச் சுரண்டி, உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை லேசாகத் தேய்த்தால் போதும். இழை தெரிந்து பிசிறடித்தால் அதிகம் தேய்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். டிரைவர் (தூரம் அடிக்கும் பெரிய தலை கிளப்) ஷாஃப்டின் நுனி விட்டம் பொதுவாக 0.335 அங்குலம், அதில் கொஞ்சம் குறைந்தாலும் ஹோசலுக்குள் ஆடும். ஹோசல் உள்பக்கத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிடுவேன். பசைக்கு நான் 3எம் டிபி420 வாங்குகிறேன். 20 நிமிடம் வேலை செய்ய நேரம் தரும் என்கிறார்கள். சித்திரை வெயிலில் அவ்வளவு நேரம் எதிர்பார்க்காதீர்கள். நுனியிலும் ஹோசலிலும் தடவி, ஷாஃப்டைச் சுழற்றியபடியே இறக்க வேண்டும். இப்போது தாராளமாகச் சுழற்றலாம், குளிர்ந்த ஷாஃப்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தொடவே கூடாது. சாயங்காலமே ஆட வேண்டும் என்று அவசரப்படுத்தும் சாரிடம் கிளப்பை நான் தருவதில்லை.

சுங்க வரி, கூரியர் எல்லாம் சேர்த்தால் புல்லர் விலை ஒரு நல்ல ஷாஃப்டை நெருங்கிவிடுகிறது. சொந்த டிரைவர் ஒன்றுக்காக மட்டும் வாங்குவது வீண். இப்போதைய டிரைவர்களில் ஸ்க்ரூவைக் கழற்றினாலே ஷாஃப்ட், அதன் நுனியில் ஒட்டிய இணைப்புத் துண்டான அடாப்டரோடு வந்துவிடும். அதே அடாப்டர் இன்னொரு ஹெட்டுக்குப் பொருந்தினால் சூடே காட்ட வேண்டாம். கிராஃபைட் ஷாஃப்ட் போட்ட அயர்ன் (தட்டையான உலோகத் தலை கிளப்) செட்டுகள் அடிக்கடி வரும் பட்டறை என்றால் வாங்குங்கள். ஆர்டர் போடும்போதே மாற்று ரப்பர் தாடை ஒரு ஜோடி சேர்த்துச் சொல்லிவிடுங்கள், சூட்டில் அதுதான் முதலில் தேய்கிறது.